கழல மறுக்கும் ஆக்சில் நட்டு: கையில் தெரியும் அறிகுறியும் அதற்கேற்ற வழியும்

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரப் பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் வந்தால், வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் (சக்கரம் ஒடியும்போதும் அதைச் சுழற்றும் மூட்டு) தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். வேகம் கூடக் கூட ‘ஊம்’ என்ற இரைச்சலும் கூடினால் வீல் பேரிங். இரண்டில் எதை மாற்றினாலும், முன்சக்கரம் இழுக்கும் காரில் வேலை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: சக்கரம் பூட்டியிருக்கும் ஹப்பின் நடுவில், எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட் நுனியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றைப் பெரிய ஆக்சில் நட்டு. மீதி வேலையை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். இந்த நட்டு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அப்படியே விழுங்கும்.

நான் இருப்பது தூத்துக்குடி. உப்பளக் காற்றும் கடல் காற்றும் மாறி மாறி வீசும் ஊரில், வண்டியின் அடிப்பாகத்தில் இரும்பு என்று எது இருந்தாலும் அதில் துரு இருக்கும். வீட்டுச் சின்னக் காரில் முதல்முறை இந்த வேலையில் இறங்கியபோது ஒரு டாமி பாரை (நட்டைக் கவ்வும் சாக்கெட்டைத் திருப்பும் நீளக் கம்பி) முறித்தேன், கைமுட்டியைப் பேத்துக்கொண்டேன், கடைசியில் தெருமுனைப் பட்டறை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “காதை நிமித்தினீங்களா தம்பி?” நிமிர்த்தவில்லை. அப்படி ஒரு காது இருப்பதே எனக்குத் தெரியாது. அரைமணி நேரமாகப் பூட்டைத் திறக்காமல் கதவை உடைக்கப் பார்த்திருக்கிறேன்.

எனவே பாரின் நீளத்தைக் கூட்ட அதில் செருகும் பைப்பை எடுப்பதற்கு முன், நட்டை எது பிடித்துவைத்திருக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ளவை எல்லாம் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

முதலில், நட்டு ஏன் இவ்வளவு இறுக்கம்?

சிறிய கார்களில் இந்த நட்டைப் பெரும்பாலும் 150 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கிப் பூட்டுகிறார்கள். சக்கர நட்டுக்கு ஏறக்குறைய 100 என்பதோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. வீல் பேரிங்கின் உள்வளையங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பதும் இந்த நட்டுதான், அதனால் இந்த அளவு தேவை. ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஷாஃப்ட்டை இழுத்துப் பிடிக்கப் பயன்படுகிறது. பாதி நட்டின் அடிமுகத்து உராய்விலும், மீதி மரையின் உராய்விலும் போய்விடுகிறது. கழற்றும்போது நம்மோடு மல்லுக்கட்டுவது அந்த உராய்வுதான். இதோடு துருவும் சேர்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்குள் இருந்த மயிரிழை இடைவெளியில் அது ஆப்பு அடித்ததுபோல் இறுகிக் கிடக்கும்.

மூன்றாவதுதான் அண்ணாச்சி சொன்ன காது. ஷாஃப்ட் நுனியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். நட்டின் மெல்லிய விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் உளியால் அடித்து மடக்கியிருப்பார்கள், தானாகக் கழலாமல் இருக்க. சில வண்டிகளில் காதுக்குப் பதிலாக நட்டின் மேல் கிரீடம்போல் ஒரு தொப்பி இருக்கும், அதன் வழியாகப் பிளவு முள் குத்தியிருக்கும். எதுவாக இருந்தாலும் துருவும் சேறும் மூடி, வெறும் கண்ணுக்குத் தெரியாது. கம்பி பிரஷ் போட்டு நுனியைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

மடக்கிய விளிம்பை நிமிர்த்த மெல்லிய கூர் உளி போதும். பள்ளத்தின் அடியில் உளியை வைத்து வெளிப்பக்கமாகத் தட்ட வேண்டும். உளி மரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக நிமிராவிட்டாலும் பள்ளத்தைவிட்டு விளிம்பு வெளியே வந்தால் சரி. “காதை எதுக்கு நிமித்தணும், ஏர் கன்னை வச்சா தானா சீவிக்கிட்டு வந்துரும்” என்று, காற்றழுத்தத்தில் நட்டை அதிர அடித்துச் சுழற்றும் கருவியைச் சொல்பவர்களும் உண்டு. வரும், உண்மைதான். மரையின் முதல் இரண்டு சுற்றையும் சேர்த்துச் சீவிக்கொண்டு வரும். பழைய ஷாஃப்ட்டைத் தூக்கி எறியப் போகிறீர்கள் என்றால் அப்படிச் செய்யுங்கள். பேரிங் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் வேண்டாம்.

“நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றுகிறது”

வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டுத் தொடங்குபவர்களுக்கு வரும் முதல் சிக்கல் இது. இந்த நட்டின் பிடியைத் தளர்த்தும்வரை சக்கரம் தரையில்தான் இருக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டியில் ஒரு மீட்டர் பைப்பைப் போட்டு மிதிப்பது ஆபத்து, வண்டி சரிந்து ஆள்மேல் விழும். சக்கர நடுமூடியை மட்டும் கழற்றினால் நட்டு தெரியும். நடுவில் துளையில்லாத சக்கரமாக இருந்தால் ஸ்டெப்னியைப் பாருங்கள், அதில் பெரும்பாலும் துளை இருக்கும். அதை மாட்டி இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

கியரைப் போட்டுவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். கைபிரேக் மட்டும் போதாது. சிறிய கார்களில் அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தனியாக இருக்கிறீர்கள் என்றால், ஒரு கட்டையைப் பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் இடையே முட்டுக் கொடுக்கலாம். பிரேக் டிஸ்க்கின் காற்றுத் துளையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி காலிப்பரில் முட்டவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. சாதாரண நட்டுக்கு அது போதும். அடம்பிடிக்கும் நட்டுக்கு வேண்டாம், டிஸ்க் விரிசல் விட்டால் செலவு இரட்டிப்பாகும்.

“பார் வளைகிறது, விட்டதும் பழைய இடத்துக்கே வருகிறது”

இதில்தான் கையின் அனுபவம் பேசும். பாரை அழுத்தும்போது ஸ்பிரிங்போல் வளைந்து, விட்டவுடன் அப்படியே திரும்பி வந்தால், நீங்கள் கொடுக்கும் பலம் நட்டுக்குப் போகவேயில்லை. பார், எக்ஸ்டென்ஷன், சாக்கெட் எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடுகின்றன. எக்ஸ்டென்ஷனை எடுத்துவிடுங்கள், ஆழமான சாக்கெட்டை நேரடியாகப் பாரில் மாட்டுங்கள். சாக்கெட் மாட்டும் முனை அரை இஞ்ச் சதுரமான பாரை ஒதுக்கிவிட்டு முக்கால் இஞ்சுக்கு மாறுங்கள். நான் முறித்த டாமி அரை இஞ்ச் ரகம். ஒரு திசையில் மட்டும் கடிக்கும் ராட்செட்டை இந்த வேலைக்குத் தொடவே கூடாது, உள்ளிருக்கும் பல் போய்விடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் பாரின் நுனியில் 40 கிலோ எடையைக் கொடுத்தால் ஏறக்குறைய 235 நியூட்டன் மீட்டர். புதிய நட்டைக் கழற்ற அது போதும். பத்து வருடத் துரு ஏறியதற்குப் போதாது. ஒன்றரை மீட்டர் பைப்பில் 60 கிலோ என்றால் ஏறக்குறைய 880. நட்டு வரும், அல்லது ஏதாவது உடையும். எனவே நெம்பும்போது பாரை மேலிருந்து கீழ்நோக்கி, உடல் எடையை மெல்ல மெல்ல ஏற்றி அழுத்துங்கள். சாக்கெட் சாயாமல் இருக்க, பாரின் தலைக்கு அடியில் ஒரு ஜாக்கி ஸ்டாண்டையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுங்கள். பைப்பின் மேல் ஏறிக் குதிக்க வேண்டாம். சாக்கெட் நழுவினால் எங்கே விழுவோம் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சுற்றும் திசை சரிதானா? இப்போதைய சிறிய கார்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலமரைதான். ஆனால் சைக்கிளின் இடது பெடலிலும் சில பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கரங்களிலும் இடமரை இருப்பதுபோல், சில வண்டிகளின் ஆக்சிலிலும் உண்டு. சந்தேகம் வந்தால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் படமெடுங்கள். ஷாஃப்ட் செங்குத்தாக நிற்பதுபோல் படத்தைத் திருப்பிப் பாருங்கள். மரைக் கோடுகள் வலப்பக்கமாக ஏறினால் வலமரை. கழற்ற இடமாகத் திருப்ப வேண்டும். இடப்பக்கமாக ஏறினால் இவ்வளவு நேரம் நீங்கள் இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்!

“ஏர் கன் கத்துகிறது, நட்டு கேட்கவில்லை”

கன்னைக் குறை சொல்வதற்கு முன் குழாயைப் பாருங்கள். கம்ப்ரசர் முள் 8 பார் காற்றழுத்தம் காட்டினாலும், மெல்லிய நீளக் குழாயின் மறுமுனையில், கன் ஓடும்போது, அதில் கணிசமான அழுத்தம் காணாமல் போயிருக்கும். குட்டைக் குழாய், பெரிய துளை, கன்னுக்கும் நட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சாக்கெட், அதுவும் அடி தாங்கும் இம்பாக்ட் சாக்கெட். பளபளக்கும் குரோம் சாக்கெட்டைக் கன்னில் மாட்டினால் அது சிதறிக் கண்ணில் தெறிக்கலாம்.

விடாமல் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். பத்து விநாடி கழற்றும் திசை, நிறுத்தம், ஒரு நொடி இறுக்கும் திசை, மறுபடி கழற்றும் திசை. இந்த முன்னும் பின்னுமான உதறல்தான் துருவைப் பொடியாக்கும். கன் இல்லாதவர்கள் இதையே சுத்தியல் கொண்டு செய்யலாம். சாக்கெட்டை மாட்டி, பாரில் பலத்தைக் கொடுத்தபடியே, சாக்கெட்டின் தலையை நேராக நாலைந்து அடி. நட்டின் அடிமுக உராய்வு ஒரு கணம் தளரும்போது பார் தன் வேலையைச் செய்யும். அடி சாக்கெட்டின் மேல்தான் விழ வேண்டும். ஷாஃப்ட் நுனியில் விழுந்தால் அது காளான்போல் விரிந்துபோகும்.

“எண்ணெய் ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை”

எவ்வளவு நேரம் விட்டீர்கள்? ஐந்து நிமிடத்தில் எதுவும் நடக்காது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, முந்தின நாள் மாலையே அடித்து, இரவில் இன்னொரு முறை அடித்து, காலையில் தொடங்குவதுதான் முறை. எதை ஊற்றுவது என்பதில் ஆளுக்கொரு நம்பிக்கை. மண்ணெண்ணெய் என்பார்கள், டீசல் என்பார்கள். டபிள்யூடி-40 எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த சரக்கு அது. 40ஆவது முயற்சியில் சரியாக வந்ததால்தான் பெயரில் 40. துருவுக்குள் நுழைவதற்கென்றே தனியாகக் கிடைக்கும் எண்ணெய்கள் இந்த வேலைக்கு இன்னும் நல்லவை. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவது பட்டறைக் கைவைத்தியம். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். எந்த எண்ணெயாக இருந்தாலும் பிரேக் டிஸ்க்கில் வழியாமல் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தோற்ற இடத்தில் நெருப்பு ஜெயிக்கும். இரும்பை ஒரு டிகிரி சூடாக்கினால் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 22 மி.மீ. மரை கொண்ட நட்டை மட்டும் 200 டிகிரி ஏற்றினால் துளை 0.05 மி.மீ. அகலும், மெல்லிய தலைமுடிப் பருமன். கேட்க அற்பமாக இருந்தாலும் துருவின் பிடியை உடைக்க அது போதும். நட்டு முழுதும் ஒரே சீராகச் சூடாக வேண்டும், ஷாஃப்ட் சூடாவதற்குள் சாக்கெட்டைப் போட வேண்டும். செக்கச்செவேல் என்று ஆக்க வேண்டியதில்லை. முதல் தடவை வராவிட்டால் ஆறவிட்டு மறுபடி. சூடேறி ஆறும் ஒவ்வொரு சுற்றிலும் துருவின் பிடி கொஞ்சம் தளரும். நட்டு ஆறிவரும்போது ஒரு மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டால், உருகிய மெழுகு உள்ளே உறிஞ்சப்படும். எண்ணெய் நுழையாத இடத்தில் மெழுகு நுழைவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் நெருப்பை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: பேரிங்கை மாற்றப் போகிறீர்களா? மாற்றப் போவதில்லை என்றால் தீ கக்கும் கேஸ் டார்ச்சைத் தொடாதீர்கள். நட்டுக்கு இரண்டு விரல்கடை தள்ளித்தான் பேரிங்கின் ரப்பர் சீல், கிரீஸ், பல வண்டிகளில் ஏபிஎஸ் பிரேக்குக்குச் சக்கர வேகத்தைக் காட்டும் காந்த வளையம் எல்லாம் இருக்கின்றன. அந்த ரப்பருக்கு 120 டிகிரியே அதிகம். நட்டை மட்டும் கம்பிச் சுருளுக்குள் வைத்துச் சூடாக்கும் மின்சார இண்டக்‌ஷன் கருவி கிடைத்தால் பாதி கவலை தீரும். இன்னொரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தில் டார்ச் காட்டக் கூடாது. பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். ஊற்றிய எண்ணெயையும் நன்றாகத் துடைத்த பிறகுதான் தீ.

“சாக்கெட் வழுக்குகிறது, நட்டின் முனை மழுங்கிவிட்டது”

உடனே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு தடவை முயன்றால் ஆறு முனையும் போய்விடும். பன்னிரண்டு முனை சாக்கெட்டால் வந்த வினையாக இருக்கும். ஆறு முனை சாக்கெட் நட்டின் தட்டைப் பக்கங்களைப் பிடிக்கும், பன்னிரண்டு முனை வெறும் மூலைகளை மட்டும் பிடிக்கும். நட்டு 32 மி.மீ. என்றால் அதிர்ஷ்டம்: ஒன்றேகால் இஞ்ச் சாக்கெட் 31.75 மி.மீ. கால் மில்லிமீட்டர் சிறியதான அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் கவ்விக்கொள்ளும். பழைய இரும்புக் கடையில் தேடினால் இஞ்ச் சாக்கெட் மலிவாகக் கிடைக்கும்.

அதுவும் போதவில்லை என்றால், நட்டின் மேல் ஒரு பெரிய நட்டையோ இரும்புப் பட்டையையோ வெல்டிங் வைத்துத் திருப்பலாம். வெல்டிங் சூடும் கூடவே உதவும். பேட்டரியின் வயரைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளிப்பை வண்டியின் பாடியில் மாட்டாதீர்கள், நட்டுக்குப் பக்கத்திலேயே ஷாஃப்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் மின்சாரம் பேரிங் குண்டுகள் வழியாகப் பாய்ந்து அவற்றில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும்.

“கொஞ்சம் வந்தது, இப்போது கிறீச்சிடுகிறது”

எல்லோரும் சந்தோஷத்தில் தவறு செய்யும் இடம் இதுதான். நட்டு அசைந்துவிட்டது, இனி ஒரே இழுப்பு என்று நினைப்போம். சத்தம் வந்தால், நட்டு கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், மரையோடு மரை ஒட்டி உரிகிறது என்று அர்த்தம். கால் சுற்று வந்திருந்தால் அரைக்கால் சுற்று திரும்ப இறுக்குங்கள். வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல் பொறுமையாக, முன்னும் பின்னும். துருத்தூள் எண்ணெயோடு செம்பழுப்புச் சேறாக வெளியே வந்தால் நல்ல சகுனம். பளபளவென்று இரும்புச் சுருள் வந்தால் மரை போகிறது. கையை எடுத்துவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள்.

“எதற்கும் மசியவில்லை”

நட்டைப் பலி கொடுக்கும் நேரம். இந்த இடத்தில் தயங்குபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். நட்டின் விலை ஒரு சாப்பாட்டுச் செலவு, ஷாஃப்ட்டின் விலை ஒரு மாதப் பெட்ரோல் செலவு. முதல் தடவை நானும் நட்டைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். எப்படியும் புதிது போட வேண்டிய பொருளுக்கு எதற்கு அவ்வளவு கரிசனம் என்று இப்போது தோன்றுகிறது.

சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 32 மி.மீ. நட்டில் 22 மி.மீ. மரை என்றால், தட்டைப் பக்கத்தின் நடுவில் சுவரின் கனம் 5 மி.மீ.தான். அந்தச் சுவரில், ஷாஃப்ட்டுக்கு இணையாக, 4 மி.மீ.க்கு மிகாத துளையை முகத்திலிருந்து உள்ளே போடுங்கள். மரையைத் தொடாமல் நேராகப் போவதுதான் முக்கியம். எதிர்ப்பக்கத்திலும் அதேபோல் ஒன்று. பிறகு துளையின் மேல் உளியை வைத்து இரண்டு அடி அடித்தால் நட்டு பிளந்து வாயைத் திறக்கும். கிரைண்டரில் வெட்டுவது இன்னும் வேகமான வழி. ஆனால் நட்டு ஹப்பின் குழிக்குள் புதைந்திருந்தால் நாலு இஞ்ச் கிரைண்டர் உள்ளே போகாது. போகுமானால் கடைசி ஒரு மில்லிமீட்டரை வெட்டாமல் விட்டு, உளியால் பிளந்துகொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் முன்கண்ணாடிமேல் ஈரக் கோணியைப் போடுங்கள், தீப்பொறி கண்ணாடியில் ஒட்டினால் போகாது.

“நட்டு வந்துவிட்டது, ஷாஃப்ட் வரவில்லை”

ஹப்புக்குள் ஷாஃப்ட் கோத்திருக்கும் பல்வரிசையும் துருவில் ஒட்டியிருக்கிறது. கோபத்தில் ஷாஃப்ட் நுனியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பழைய நட்டு முழுசாக இருந்தால் நுனியோடு சமமாகும்வரை திருப்பிப் போட்டு, செம்பு அல்லது பித்தளைக் கட்டையை வைத்துத் தட்டுங்கள். அதிலும் வரவில்லை என்றால், ஹப்பைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட்டை உள்ளே தள்ளும் மூன்று கால் புல்லர். ஷாஃப்ட்டைப் பிடித்து வெளிப்பக்கம் இழுக்கவும் வேண்டாம், கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட் கழன்றுபோகும்.

திரும்பப் பூட்டும்போது

பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். மடக்கி நிமிர்த்திய விளிம்பு இரண்டாம் முறை உறுதியாக நிற்காது. ஷாஃப்ட் பல்வரிசையைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவலாம். மரையில் மட்டும் வண்டியின் கையேடு சொன்னால் தவிர எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்ட மரையில் அதே முறுக்கு கூடுதல் இழுவையைக் கொடுத்துவிடும். நட்டை முழுசாக இறுக்காமல் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்கி உருட்டவும் கூடாது, புது பேரிங் அன்றே கெட்டுவிடும். பிரேக்கைப் பிடித்தபடி ஓரளவு இறுக்கிவிட்டு, சக்கரத்தை உருளவிடாமல் தரையில் இறக்கி, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் உங்கள் மாடலுக்குரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வேலைக்குக் கன் வேண்டாம்.

கடைசியாகக் காது. மழுங்கிய முனையுள்ள ‘பஞ்ச்’ என்ற இரும்புக் கருவியை விளிம்பின் மேல் வைத்து, பள்ளத்துக்குள் மெல்ல மெல்ல அடித்து மடக்குங்கள். கூர் உளியால் அடித்தால் விளிம்பு கீறி விரிசல் விடும். விரிசல் தெரிந்தால் அந்த நட்டும் வீண், இன்னொன்று போட வேண்டும். எனக்கு அப்படி ஒருமுறை ஞாயிறு சாயங்காலம், கடைகள் அடைத்தபிறகு நடந்தது. இப்போது நட்டு வாங்கினால் இரண்டாகத்தான் வாங்குகிறேன்.